ரத்தம் குறைவு என்று சொன்னான்

மழை பெய்தால் ரப்பர் தோட்டத்தில் பால் வெட்டு கிடையாது. வெட்டின பட்டையில் மழைத்தண்ணீர் இறங்கினால் பால் சிரட்டையில் விழாமல் மரத்தோடு வழிந்து வீணாகிவிடும். அதனால் விடியும்போது தகரக் கூரையில் மழைச் சத்தம் கேட்டால் எங்களைப் போன்ற வெட்டுக்காரிகள் இன்னொரு தரம் போர்த்திக்கொண்டு படுப்போம். அன்றைக்கு நானும் அப்படித்தான் படுத்திருந்தேன். பக்கத்துக் காம்பராவில் என் தம்பி தன் பெஞ்சாதியிடம் பேசுவது கேட்டது. வரிசையாக ஒட்டிக் கட்டின லயத்து வீடுகளில் அறைக்கும் அறைக்கும் நடுவில் இருக்கிற சுவர் கூரை வரைக்கும் போகாது. ஒரு வீட்டில் இருமினால் அடுத்த வீட்டில் கொத்தமல்லி அவிப்பார்கள்.

"இன்னைக்குக் கிளினிக்குப் போக வேணாம். அடுத்த கிழமை நானே கூட்டிட்டுப் போறேன்."

"போன கிழமையும் இதத்தானே சொன்னீங்க" என்றாள் அவள்.

"மழை பெய்யுது, வழுக்கும். சொன்னாக் கேளு."

அவளுக்கு அப்போது ஆறாம் மாதம். அதற்கு முந்தின வருஷம் அவளுடைய முதல் பிள்ளை வயிற்றிலேயே செத்துப் பிறந்தது. ஆண் பிள்ளை. ஆஸ்பத்திரியிலிருந்து துணியில் சுற்றிக் கொண்டுவந்து மலைக்குப் பின்னால் புதைத்தோம். கண்ணூறு என்றார்கள், வயிற்றுச் சூடு என்றார்கள், வாளியைத் தூக்கிக்கொண்டு மேடு ஏறினது தப்பு என்றார்கள். ஆளுக்கொரு காரணம் சொல்லிவிட்டு எழுந்து போனார்கள். இந்தப் பிள்ளையாவது தங்குமா என்பதுதான் அந்த மழைக்காலத்தில் எங்கள் வீட்டில் எல்லோர் மனதிலும் இருந்த ஒரே கேள்வி.

எங்கள் தோட்டம் தெஹியோவிட்டவுக்கு மேலே இருக்கிறது. சுற்றிலும் சிங்களக் கிராமங்கள். கடைக்குப் போனாலும் பஸ் ஏறினாலும் சிங்களம் வேண்டும். நாங்கள் பிறந்ததிலிருந்து அதில் புரண்டவர்கள். எனக்கு நல்ல கோபம் வந்தால் சண்டையே சிங்களத்தில்தான் வரும். தம்பி பெஞ்சாதி அட்டன் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்திலிருந்து வாக்கப்பட்டு வந்தவள். அங்கே எந்தப் பக்கம் திரும்பினாலும் தமிழ். இங்கே வந்து "ஹரி", "எப்பா" என்கிற இரண்டு சொற்களோடு குடித்தனம் நடத்திக்கொண்டிருந்தாள். சரி, வேண்டாம் என்பதற்கு மேல் ஒன்றும் தெரியாது. அதனால் கிளினிக், ஆஸ்பத்திரி என்று எங்கே போனாலும் தம்பிதான் அவளுக்கு வாயும் காதும். அங்கே மிட்வைஃப் மிஸ் சிங்களத்தில் சொல்வாள், இவன் அதைத் தமிழில் சொல்வான். முதல் பிள்ளை வயிற்றில் இருந்தபோது அவன் அப்படிக் கொண்டுவந்த சேதி, "ரத்தம் கொறைவாம், நல்லா சாப்பிடணுமாம்" என்பதுதான். அம்மா முருங்கைக்கீரையாக ஆக்கிப் போட்டாள்.

நான் எழுந்து வெளியே வந்தேன். கட்டினவனோடு ஒத்துவராமல் பிறந்த லயத்துக்கே திரும்பி வந்தவள் நான். வாயாடி என்று பெயர். இருக்கட்டும், வாய் இல்லாதவளை இந்தத் தோட்டத்தில் நாய்கூடத் திரும்பிப் பார்க்காது.

"நான் கூட்டிட்டுப் போறேன் அவள. எனக்கு இன்னைக்கு வேலையில்ல" என்றேன்.

தம்பியின் முகம் போன போக்கை இப்போதும் மறக்க முடியவில்லை. "ஒனக்கு எதுக்கு அக்கா இந்த மழையில…" என்று இழுத்தான். அவனால் நின்று வாதாடவும் முடியவில்லை. முந்தின நாள் பால் தட்டுகளில் உறைந்து கிடந்தது. அதை ரோலரில் கொடுத்து ஷீட் எடுக்க ஃபேக்டரிக்கு அவன் போயே ஆக வேண்டும். படியில் இறங்கினவன் திரும்பி வந்து என்னை ஒதுக்கிக் கூப்பிட்டான்.

"மிஸ் எதாச்சும் சொன்னா மொதல்ல என்கிட்ட சொல்லு. அவகிட்டச் சொல்லாத. பயந்துருவா."

"பயப்படுறாப்புல என்னத்தச் சொல்லப் போறாங்க?"

மழையில் நனைந்துகொண்டே ஃபேக்டரிப் பக்கம் இறங்கிவிட்டான்.

கிளினிக்கில் வயிற்றுக்காரிகள் நனைந்த குடைகளோடு வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். மிட்வைஃப் மிஸ் கிராமத்துச் சிங்களப் பெண். வெயிலென்றும் மழையென்றும் பார்க்காமல் லயம் லயமாக ஏறி வருகிறவள். "வாங்க, உக்காருங்க" என்கிற அளவுக்குத் தமிழ் தெரியும். எங்களைப் பார்த்ததும் கையிலிருந்த வேலையை வைத்துவிட்டு, பிள்ளைகளை நிறுக்கிற தராசு தொங்குகிற மூலைக்கு எங்களைக் கூட்டிக்கொண்டு போனாள். அங்கே நின்று என்னிடம் சிங்களத்தில் பேசினாள்.

"ஏன் இத்தனை நாள் வரவில்லை? தோட்டத்து டிஸ்பென்சரி மூலம் உங்கள் தம்பிக்குச் சொல்லி அனுப்பினேனே. நாளைக்கு நானே ஏறி வர இருந்தேன். இந்தத் தரம் இவளிடம் எடுத்த ரத்தத்திலும் அந்த நோய் இருக்கிறது."

"எந்த நோய்?" என்றேன்.

அவள் என் முகத்தைப் பார்த்தே எனக்கு ஒன்றும் தெரியாது என்பதைப் புரிந்துகொண்டாள். குரலைத் தாழ்த்தினாள். "போன தரமும் இருந்தது. உங்கள் தம்பியிடம் சொன்னேன், இரண்டு பேரும் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போய் ஊசி போட வேண்டும் என்று. பிறகு கேட்டபோது அவிசாவளையில் ஊசி போட்டாயிற்று என்றாரே."

"இவளுக்கு ஒரு ஊசியும் போடவில்லை."

மிஸ் கையை வாயில் வைத்துக்கொண்டாள். பிறகு அந்த நோயின் பெயரைச் சொன்னாள். சிபிலிஸ். அது எனக்குப் புரியாது என்று நினைத்தோ என்னவோ, "சமாஜ ரோகய" என்றும் சொன்னாள். சமூகத்து நோய் என்று மரியாதையாகச் சிங்களத்தில் சொல்வார்கள். ஆணும் பெண்ணும் சேர்வதால் ஒருவரிடமிருந்து ஒருவருக்குப் போவது. தாய்க்கு இருந்தால் வயிற்றுப் பிள்ளைக்கும் ரத்தத்தோடு போய்விடும், பிள்ளை வயிற்றிலேயே சாகலாம், அல்லது நோயோடு பிறக்கலாம் என்றாள். காலம் இருக்கிறது, ஆனால் இனி ஒரு கிழமையைக்கூட வீணாக்கக் கூடாது என்றாள். அதன் பிறகு அவள் கேட்ட கேள்விதான் என்னை உலுக்கியது.

"உங்கள் தம்பிக்கு எப்போதாவது உள்ளங்கையிலும் உள்ளங்காலிலும் புள்ளி புள்ளியாக வந்திருக்கிறதா?"

வந்திருந்தது. கல்யாணத்துக்கு முன்னால் அவன் கொழும்பில் ஒரு கடையில் வேலைக்கு நின்றான். அங்கிருந்து வந்து ஃபேக்டரியில் சேர்ந்த புதிதில் இரண்டு கையிலும் செம்பு நிறத்தில் புள்ளிகள் கிளம்பின. அரிப்பும் இல்லை, வலியும் இல்லை. ரப்பர் பாலை உறையவைக்க அசிட் ஊற்றுவார்கள். அந்த வேலைக்காரர்களின் கை எப்போதும் வெந்து உரிந்துதான் இருக்கும். எனவே 'அசிட் கை' என்று லயமே ஒரே வாயாகச் சொல்லிவிட்டது. நானும் சொன்னேன். அம்மா தேங்காய் எண்ணெய் தடவினாள். கணக்கப்பிள்ளை இரக்கப்பட்டு அவனை அசிட் பக்கமிருந்து ரோலர் பக்கம் மாற்றினார். கொஞ்ச நாளில் கை சரியாகிவிட்டது, வேலை மாற்றினது நல்லதாகப் போயிற்று என்று கணக்கப்பிள்ளைக்கு ஒரு சீப்பு வாழைப்பழம் கொண்டுபோய்க் கொடுத்தோம். காலில் வந்த புள்ளியைப் பற்றி ஒருவரும் யோசிக்கவில்லை. காலால் யார் அசிட் ஊற்றுகிறார்கள்?

"அண்ணி, என்ன சொல்றாங்க?" தம்பி பெஞ்சாதி என் கையைப் பிடித்து இழுத்தாள். "போன தடவ மாதிரி ரத்தம் கொறைவுதானே?"

அவளுடைய கண் மிஸ்ஸின் வாயிலிருந்து என் வாய்க்கும், என் வாயிலிருந்து மிஸ்ஸின் வாய்க்கும் ஓடிக்கொண்டிருந்தது. எங்களுக்குச் சொந்தமான ஒரு சொல்லை நான் தேடினேன். லயத்தில் அந்த நோய்க்கு இருந்த பெயரெல்லாம் குழாயடிச் சண்டையில் திட்டுகிற பெயர்கள். அதில் எதை எடுத்து வயிற்றுப் பிள்ளைக்காரியிடம் சொல்வது? ஆமாம், ரத்தம் குறைவுதான் என்று சொல்லிவிட்டு, போய் அவனை நாலு அறை அறையலாம் என்றும் ஒரு நிமிஷம் தோன்றியது. ஆனால் அவள் நோயை அவளிடம் மறைக்க நான் யார்?

அவளை வெளி விறாந்தைக்குக் கூட்டிக்கொண்டு போய் உட்காரவைத்தேன். கூட்டாமல் குறைக்காமல் மிஸ் சொன்னதை அப்படியே சொன்னேன். புருசனிடமிருந்து வந்தது என்றேன். ஊசி இருக்கிறது, போட்டால் பிள்ளையைக் காப்பாற்றலாம் என்றேன். போன தரமே மிஸ் சொல்லியிருக்கிறாள், அவன் அதை மாற்றிச் சொல்லிவிட்டான் என்பதையும் சொன்னேன். அழுவாள், மயங்குவாள் என்று தோளைப் பிடித்துக்கொண்டேதான் பேசினேன். அவள் அழவில்லை. முற்றத்தில் மழை குத்துவதைப் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

"அப்ப அந்தப் புள்ள?" என்றாள்.

நான் குடையை எடுத்து அவள் தலைக்கு மேல் விரித்தேன்.

அவளை லயத்தில் விட்டுவிட்டு நேரே ஃபேக்டரிக்குப் போனேன். புளித்த பால் நாற்றமும் அசிட் நெடியும் மூக்கில் ஏறின. தம்பி ரோலரைச் சுழற்றிக்கொண்டிருந்தான். என்னைப் பார்த்ததும் கையை எடுத்துவிட்டுப் பின்பக்கம், புகைக்கூடத்துச் சுவரோரம் வந்து நின்றான். லயத்தில் வைத்துப் பேசினால் ஊரே கேட்கும், இங்கே ரோலர் சத்தத்தில் ஒருவருக்கும் கேட்காது.

"அவகிட்டச் சொல்லிட்டியா?" இதுதான் அவன் கேட்ட முதல் கேள்வி.

"எல்லாத்தையும் சொல்லிட்டேன். முழுப் பூசணிக்காய சோத்துல மறைச்சிருக்கியேடா. ஒரு புள்ளையப் பொதைச்சமே, அப்பகூட ஒனக்கு வாய் வரலயா?"

அவன் உட்கார்ந்துவிட்டான். மிஸ் சொன்ன மறுநாளே அவிசாவளையில் ஒரு பிரைவேட் டாக்டரிடம் தனியாகப் போனானாம். அவர் பெஞ்சாதியையும் கூட்டிக்கொண்டு வரச் சொன்னாராம். சரி என்று சொல்லிவிட்டு, தனக்கு மட்டும் ஊசி போட்டுக்கொண்டு வந்துவிட்டான்.

"சத்தியமா அக்கா, நான் கொண்டு வந்த நோய்தானே, எனக்குப் போயிட்டா எல்லாருக்கும் போயிரும்னு நெனைச்சேன். அம்மை வந்தவனுக்குத் தலைக்குத் தண்ணி ஊத்திட்டா வீட்டுக்கே முடிஞ்சிரும்ல, அந்த மாதிரி. கொழும்புல இருக்கும்போது ஒரு புண்ணு வந்திச்சு. வலிக்கவே இல்ல. அதுவா ஆறிப்போச்சு. ஆறினத நோயின்னு யாரு நெனைப்பா?"

"அப்ப அவளுக்கு என்னத்துக்கு ரத்தம் கொறைவுன்னு சொன்ன?"

"வேற எப்பிடிச் சொல்றது?" என்று முகத்தை மூடிக்கொண்டான்.

அறைய வேண்டும் என்று ஓங்கின கையோடு வந்தவள் நான். அவன் அரைக் கிணறு தாண்டிவிட்டுக் கரை ஏறிவிட்டதாக நினைத்திருக்கிறான். முட்டாள்தனம் பாதி, கோழைத்தனம் பாதி. இரண்டும் சேர்ந்து ஒரு பிள்ளையைத் தின்றுவிட்டது. நான் இரண்டே விஷயம்தான் சொன்னேன். இந்தக் கிழமையே இரண்டு பேரும் பெரிய ஆஸ்பத்திரிக்கு வர வேண்டும். ஊசி எல்லாம் முடிந்து டாக்டர் சரி என்று சொல்லும் வரைக்கும் அவள் என் காம்பராவில் படுப்பாள்.

"ஆஸ்பத்திரிக்கு மட்டும் என்னைக் கூப்பிடாத அக்கா. அந்த நோய்க்குப் பாக்கிற ரூமுக்கு முன்னால நிக்கிறவன் எதுக்கு நிக்கிறான்னு ஊருக்கே தெரியும். நம்ம தோட்டத்து ஆளு யாராச்சும் பாத்தா நான் நாண்டுக்கிட்டுச் சாக வேண்டியதுதான்."

"நீ வராம அவளுக்கு மட்டும் போட்டு என்ன புண்ணியம்?" என்று கேட்டுவிட்டு வந்தேன். அவன் வருவேன் என்றும் சொல்லவில்லை, வரமாட்டேன் என்றும் சொல்லவில்லை.

அன்று சாயங்காலமே வேறு ஒரு பக்கம் நெருப்புப் பிடித்தது. மருமகள் பாயைச் சுருட்டிக்கொண்டு என் காம்பராவுக்கு வருவதை அம்மா பார்த்துவிட்டாள். ஏன் என்று மகனைக் கேட்டிருக்கிறாள். இவன் என்ன சொன்னான் தெரியுமா? "அவளுக்கு ரத்தத்துல ஏதோ கெட்ட நோயாம், ஊசி போடணுமாம்" என்றானாம். அவளுக்காம்! சுவருக்கு இந்தப் பக்கம் நானும் அவளும் அதைக் கேட்டுக்கொண்டு நின்றோம். எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. அவள் என் கையை இறுக்கிப் பிடித்து, "இருங்க அண்ணி" என்றாள்.

அம்மா லேசுப்பட்டவள் அல்ல. அந்த நோயின் சாடையைச் சட்டென்று புரிந்துகொண்டாள், யாரிடமிருந்து யாருக்கு வந்தது என்பதை மட்டும் தலைகீழாகப் புரிந்துகொண்டாள். வந்தவள் கொண்டுவந்தாள், என் மகனுக்கும் ஒட்டப்போகிறது என்று முடிவு கட்டிவிட்டாள். மருமகளுக்கென்று விளிம்பு உடைந்த ஒரு பீங்கான் தட்டைத் தனியாக எடுத்து வெளியே வைத்தாள். அவள் துணியை எங்கள் துணியோடு ஊறப்போடக் கூடாது என்றாள். கக்கூசுக்கு அவள் போய்வந்தால் பின்னாலேயே வாளி தண்ணீரோடு போனாள். விடிந்ததும் அட்டனுக்கு ஆள் அனுப்பி அவளுடைய அப்பாவை வரச் சொல்லப் போவதாகவும் சொன்னாள்.

"வந்து கூட்டிட்டுப் போகட்டும். பெத்து எடுத்து, நோயில்லன்னு ஆன பொறகு வரட்டும்."

அவள் அட்டனுக்குப் போனால் என்ன ஆகும் என்று எனக்குத் தெரியும். அங்கே முதலிலிருந்து தொடங்க வேண்டும். யாரிடம் போவது, என்னவென்று சொல்வது? அவமானத்தில் அவளை வீட்டைவிட்டு வெளியே விடமாட்டார்கள். கிழமைகள் ஓடும். வயிற்றுப் பிள்ளையும் முந்தினதைப் போலவே போய்விடும். நான் கத்தினேன். தட்டிலும் துணியிலும் வருகிற நோயில்லை அது என்று மிஸ் சொன்னதைச் சொன்னேன். அம்மா என்னைப் பார்க்காமலே, "நீ வாழ்ந்த லச்சணம் ஊருக்கே தெரியும், நீ பேசாத" என்றாள். தம்பி அடுப்புக்கு முன்னால் தலையைக் குனிந்துகொண்டு உட்கார்ந்திருந்தான். வாயில் கொழுக்கட்டை.

அம்மா சோறு போட்டாள். மருமகள் வெளிப்படியில் உட்கார்ந்து அந்த உடைந்த தட்டை வாங்கினாள். ஒரு வாய் எடுத்தாள். பிறகு அதைக் கீழே வைத்துவிட்டு உள்ளே வந்து, புருசனுக்கு நேராக நின்றாள். வாக்கப்பட்டு வந்த நாளிலிருந்து அவள் அவனைப் பார்த்துக் குரல் உயர்த்தி நான் கேட்டதில்லை. அப்போதும் குரல் உயரவில்லை.

"நீங்க சொல்றீங்களா, நான் சொல்லட்டுமா? எனக்குச் சிங்களந்தான் தெரியாது. தமிழ் தெரியும்."

அம்மா கரண்டியோடு நின்றாள். அவன் எழுந்தான். வெளியே ஓடிப்போகப் போகிறான் என்றுதான் நினைத்தேன். படிவரை போனான். கீழே இருந்த அந்தத் தட்டை எடுத்துக்கொண்டு திரும்பி வந்து, அவள் வைத்த சோற்றையே பிசைந்து தின்ன ஆரம்பித்தான்.

"டேய், அதுல தின்னாத" என்று அம்மா பாய்ந்தாள்.

"இந்தத் தட்டு எனக்கு வைக்க வேண்டியது அம்மா. நான்தான் கொண்டாந்தேன். கொழும்புல இருந்து. கையில வந்திச்சே, அது அசிட்டு இல்ல. அவ பாவம், ஒண்ணும் அறியாதவ. செத்த புள்ளையும் என்னாலதான்."

அம்மா கரண்டியைச் சட்டிக்குள் வைத்தாள். அடுத்த வீட்டில் ரேடியோவை மெதுவாக நிறுத்தின சத்தம் கேட்டது. அவர்களும் கேட்டுவிட்டார்கள் என்று தெரிந்தது. கேட்கட்டும் என்று விட்டுவிட்டேன். அட்டனுக்கு ஆள் போகவில்லை. மறுநாள் அந்த உடைந்த தட்டை அம்மா மற்றத் தட்டுகளோடு சேர்த்துத்தான் கழுவினாள். ஆனாலும் கொதிக்கிற தண்ணீரில் கழுவினாள். பழைய பயம் ஒரே நாளில் போய்விடுமா?

பெரிய ஆஸ்பத்திரிக்கு அவன் வந்தான். தலையில் துவாயைப் போட்டு முகத்தை மறைத்துக்கொண்டு வந்தான். அந்த அறைக்கு முன்னால் பலகை வாங்கில் உட்கார்ந்திருந்தவர்களும் அப்படித்தான், ஆளுக்கொரு பக்கம் திரும்பிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். டாக்டர் இளவயது மனிதர். ஒருவரையும் முகம் சுளித்துப் பார்க்கவில்லை. தம்பியை வெளியே இருக்கச் சொல்லிவிட்டு, அவளை உட்காரவைத்து, என்னைப் பார்த்து, "நான் சொல்வதைச் சொன்னபடியே அவளிடம் சொல்ல வேண்டும்" என்றார். அவருக்கு அனுபவம் இருந்திருக்கும்.

அவர் சொன்னதைச் சொன்னேன். முதலில் வருகிற புண் வலிக்காது, பல பெண்களுக்கு அது உள்பக்கம் வருவதால் கண்ணிலேயே படாது. அது தானாக ஆறிவிடும். பிறகு சிலருக்கு உடம்பிலும் உள்ளங்கையிலும் புள்ளிகள் வரும், அதுவும் தானாகப் போய்விடும். போய்விட்டதென்று மனிதர் நினைப்பார்கள், நோய் ரத்தத்துக்குள் ஒளிந்துகொண்டு இருக்கும். ஒரு தட்டில் சாப்பிட்டாலோ, ஒரே கக்கூசுக்குப் போனாலோ, துணி மாறி உடுத்தினாலோ வராது. புருசன், பெஞ்சாதி இரண்டு பேருக்கும் ஒரே காலத்தில் மருந்து போக வேண்டும். ஒருவர் மட்டும் போட்டுக்கொண்டால் மற்றவரிடமிருந்து திரும்பவும் வரும். இப்போது போட்டால் மருந்து பிள்ளைக்கும் போய்ச் சேரும்.

"நான் எந்தத் தப்பும் செய்யலன்னு டாக்டருக்குத் தெரியுமா, கேளுங்க அண்ணி" என்றாள்.

கேட்டேன். அவர் எழுதிக்கொண்டிருந்ததை நிறுத்தி அவளைப் பார்த்தார். "இங்கே தப்பை நாங்கள் பார்ப்பதில்லை. ரத்தத்தைத்தான் பார்க்கிறோம்" என்றார். அதையும் அப்படியே சொன்னேன். அவளுக்கு அது போதவில்லை. முகத்தில் தெரிந்தது. எனக்கும் போதவில்லைதான்.

முதலில் கையில் லேசாகக் குத்தி மருந்து ஒத்துக்கொள்கிறதா என்று பார்த்தார்கள். பிறகு இரண்டு பக்கமும் இடுப்புக்குக் கீழே ஊசி. பென்சிலின். கெட்டி மருந்து, ஏறும்போது உயிர் போகும். தம்பி அறைக்குள்ளிருந்து ஐயோ என்று போட்ட சத்தம் வாங்கு வரைக்கும் கேட்டது. அவள் ஒரு சத்தமும் போடவில்லை. திரும்பும்போது பஸ்ஸில் சீட் கிடைத்தும் இரண்டு பேராலும் உட்கார முடியவில்லை. கம்பியைப் பிடித்துக்கொண்டு ஆளுக்கொரு பக்கம் நின்று வந்தார்கள். "ஒக்காருங்க மாப்பிள்ள, சீட்டு சும்மாதானே கெடக்கு" என்று நான் தம்பியைச் சீண்டினேன். அவன் சிரிக்கவில்லை. அவள் ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டு கொஞ்சம் சிரித்தாள். அவனோடு பேசுவதை மட்டும் நிறுத்திவிட்டிருந்தாள்.

ஊசிக்கு நாங்கள் போய்வந்த அந்தக் கிழமைகளில் அவள் என்னிடம் ஒரு காரியம் கேட்டாள். சிங்களம் சொல்லிக்கொடுங்கள் என்றாள். நான் சந்தோஷப்பட்டு மீன், தேங்காய், பஸ் டிக்கட் என்று ஆரம்பித்தேன். தலையை ஆட்டினாள்.

"அதெல்லாம் வேணாம் அண்ணி. ஆஸ்பத்திரிப் பேச்சு மட்டும் போதும்."

ரத்தத்துக்கு லே. நோய்க்கு லெட. பயப்பட வேண்டாம் என்பதற்கு பயவென்ன எப்பா. இராத்திரி என் காம்பராவில் வயிற்றில் கையை வைத்துக்கொண்டு படுத்தபடியே அவற்றை வாய்க்குள் சொல்லிப் பார்ப்பாள். பிள்ளை உதைத்தால் ஒரு சொல், உதைக்காவிட்டால் எழுந்து உட்கார்ந்து என்னை எழுப்புவாள். "அண்ணி, அசையலயே." நான் காதை வைத்துப் பார்ப்பேன். எனக்கு என்ன கேட்கப்போகிறது, ஆனாலும் வைத்துப் பார்ப்பேன். அந்த மாதங்களில் நாங்கள் இரண்டு பேரும் ஒழுங்காகத் தூங்கினதே இல்லை. சுவருக்கு அந்தப் பக்கம் அவன் புரளுகிற சத்தமும் கேட்டுக்கொண்டே இருக்கும்.

எட்டாம் மாதம் வந்தது. முதல் பிள்ளை போன மாதம் அது. அம்மா விளக்கு வைத்துக் கும்பிட்டுக்கொண்டே இருந்தாள். அதுவும் கடந்தது.

பெண் பிள்ளை பிறந்தாள். சின்ன உடம்பு, ஆனால் போட்ட கத்தல் வார்டுக்கு வெளியே நின்ற எங்களுக்குக் கேட்டது. தம்பி தூணைப் பிடித்துக்கொண்டு அழுதான். நானும் அழுதேன், சொல்வதற்கு என்ன வெட்கம். ஆனால் அது முடிவில்லை என்று டாக்டர் சொல்லிவிட்டார். தாயின் ரத்தத்திலிருந்து பிள்ளைக்கு ஏதாவது வந்திருந்தால் பிறந்த உடனே தெரியாமலும் போகலாம், சில மாதம் விட்டு விட்டு ரத்தம் எடுத்துப் பார்த்துத்தான் சொல்ல முடியும் என்றார். பிள்ளையின் மேல் ஒரு வேர்க்குரு கிளம்பினாலும் எங்கள் வீட்டில் அடுப்பு எரியாது. அவள் பிள்ளையின் உள்ளங்கையை விரித்து விரித்து வெளிச்சத்தில் பார்ப்பாள். உள்ளங்காலையும் பார்ப்பாள்.

கடைசி ரத்தப் பரிசோதனைக்கு முடிவு கேட்கப் போன நாள். பிள்ளை அப்போது தவழுகிற வயது. நாலு பேருமாக அதே வாங்கில் உட்கார்ந்திருந்தோம். தம்பி தலையில் துவாய் போடவில்லை. டாக்டர் கதவைத் திறந்து பெயரைக் கூப்பிட்டார். உள்ளே போனதும் வழக்கப்படி சிங்களம் தெரிந்த எங்கள் பக்கம் பார்த்துச் சிங்களத்தில் பேச வாயைத் திறந்தார். பழக்கத்தில் தம்பியும் ஓரடி முன்னால் வைத்தான். நானும் பேசத் தயாராக நின்றேன்.

அவள் பிள்ளையை இடுப்பில் ஏற்றிக்கொண்டு எங்கள் இரண்டு பேருக்கும் முன்னால் போய் நின்றாள்.

"மட்ட கியன்ன டாக்டர்" என்றாள். எனக்குச் சொல்லுங்கள்.

டாக்டர் அவளைப் பார்த்தார். மெதுவாக, ஒவ்வொரு சொல்லாகப் பிரித்து, அவளுக்கே சொன்னார். பிள்ளையின் ரத்தம் நல்லது. நோய் இல்லை. பயவென்ன எப்பா.

அவள் தலையை ஆட்டினாள். கண்ணைத் துடைத்துக்கொண்டாள். பிறகு புருசன் பக்கம் திரும்பினாள். சிங்களத்தில் பிறந்து வளர்ந்தவன் அவன், டாக்டர் சொன்னதில் ஒரு சொல்லையும் அவனுக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை. ஆனாலும் அவன் முகத்தைப் பார்த்துத் தமிழில் சொன்னாள்.

"புள்ளையோட ரத்தம் நல்லா இருக்காம். நோயில்லையாம். பயப்பட வேணாமாம். அவர் சொன்னது இவ்வளவுதான். நான் ஒண்ணையும் மாத்தல."